அடிலெய்டில் வளர்ந்த முதல் முடி

வில்லாபுரம், மதுரை
பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அழகுராஜாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் வெயிலைத் திட்டிக்கொண்டு நல்லபடியாக இருக்கிறோம். அங்கே எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டால் "நல்லா இருக்கோம்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிடும் உனக்கு, அதனால் அப்படிக் கேட்கப் போவதில்லை. நீயும் திவ்யாவும் என் பேரன் அருள்பாண்டியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிச் சாப்பிடுகிற அளவுக்குச் சுகமா என்று கேட்கிறேன். அதற்கு மட்டும் உண்மையைச் சொல்.

ரெண்டு நாளாக உன் வீடியோ காலை நான் எடுக்கவில்லை. நீ அப்பா கடைக்குப் போன் போட்டு "அம்மாவுக்கு எம்மேல கோவமாப்பா" என்று கேட்டாயாம், அவர் "தலவலின்னு படுத்திருக்கா" என்று சொல்லிச் சமாளித்தாராம். கோபம் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன், இப்போது இல்லை. எடுக்காததற்குக் காரணம் வேறு, கோயிலுக்குப் போய்வந்த கதையை எழுதும்போது அதையும் எழுதுகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சரிம்மா சரிம்மா என்பாய், அதற்குள் சிக்னல் போய்விடும், போகாவிட்டாலும் போய்விட்டது என்று நம்மில் ஒருவர் சொல்லிக்கொள்வோம். எழுதினால் நீ முழுசாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும். பக்கத்து வீட்டுப் பெர்சியிடம் கொடுத்தால் அழகாகப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவாள், ஆனால் அவள் வீட்டுக் கதையும் இதில் கொஞ்சம் வருகிறது, அதனால் நானேதான் எடுத்து அனுப்பப் போகிறேன். கோணலாக இருந்தால் நீதான் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே புதுசாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டு, மூட ஆள் வரவில்லை. அப்பாவின் பாத்திர வண்டி கடை வாசல் வரைக்கும் வரமுடியாமல், வாடகைக்குப் போன அண்டாவையும் தேக்சாவையும் தெருமுனையிலிருந்து தலைச்சுமையாகத் தூக்கிவருகிறார்கள். இந்த வயதில் அவரும் ஒரு கை பிடிக்கிறார், சொன்னால் கேட்பதில்லை. முட்டி வலிக்குது என்று என்னிடம் சொல்வதில்லை, தைலப் பாட்டில் சீக்கிரம் தீருவதை வைத்துத் தெரிந்துகொள்கிறேன்.

சரி, நீ போன ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு வருகிறேன். "எதுக்கும்மா இங்க வந்தோம், குடும்பம் நல்லா இருக்கணும்னுதான வந்தோம், இப்ப அதுதான் நாறிக் கெடக்கு. நீ ஒரு வார்த்த சொல்லு, வேலைய எழுதிக் குடுத்துட்டுப் புள்ளையத் தூக்கிட்டு ஊருக்கே வந்துர்றேன்" என்றாய். அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தையைத்தான் வாயில் வைத்துக்கொண்டு மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் திரிகிறேன். சோறு வடிக்கும்போது வா என்று சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது, பாத்திரம் கழுவும்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. இன்னொன்றும் உறுத்துகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றாய், அதில் திவ்யா பேரே வரவில்லை. கோபத்தில் விட்டாயா, யோசித்துத்தான் விட்டாயா என்று உன்னிடம் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

நீ சொன்னதையும் மறுநாள் திவ்யா சொன்னதையும் கூட்டி நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. அருள்பாண்டி பிறந்ததும் அவன் முதல் முடியை டி. கல்லுப்பட்டி தாண்டி இருக்கிற நம் குலசாமிக்கு, தாய்மாமன் மடியில் உட்கார்த்தி இறக்குவதாக நேர்ந்துகொண்டது நான்தான். அதில் தப்பொன்றும் இல்லை, நம் வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான், உனக்கும் அப்படித்தான். அவனுக்கு ஒரு வயதானபோது நீ புது வேலையில் சேர்ந்திருந்தாய். இரண்டில் இரட்டைப்படை ஆகாது என்று நானே தடுத்தேன். மூன்றில் விசா காகிதம் வராமல் நாட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றாய். இப்போது ஐந்து. மாசி சிவராத்திரிக்குக் கண்டிப்பாக வாரேன் என்றாய், அதற்கும் லீவு கொடுக்கவில்லை. திவ்யாவின் அண்ணன் புது வேட்டி எடுத்து வைத்துவிட்டு "மடி குடுக்கறதுக்குள்ள எனக்கு மூட்டு வலி வந்துரும்போல அத்த" என்று பார்க்கும்போதெல்லாம் கேலி பண்ணுகிறான். பிள்ளை முடி இடுப்பைத் தொடுகிறது. வீட்டிலேயே இருந்தவரைக்கும் அது அழகாகத்தான் இருந்தது, கிருஷ்ணன் மாதிரி கொண்டை போட்டு நீங்கள் அனுப்பிய படத்தை நான் தெரு முழுக்கக் காட்டினேன். பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் தொல்லை. வகுப்பில் பேன் பரவுகிறது என்று நோட்டீஸ் விட்டதும், வேலை முடிந்து வந்த களைப்போடு திவ்யா உட்கார்ந்து அந்த முடி அத்தனையையும் சிக்கெடுத்துப் பேன் பார்த்திருக்கிறாள். அப்புறம் அந்த பாத்ரூம் விஷயம். அன்றைக்கு வந்த மாற்று டீச்சர் இவனைப் பெண்பிள்ளை என்று நினைத்து அந்தப் பக்கம் போ என்று கையைக் காட்டியிருக்கிறார். என் ராசாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, போகவும் மனசில்லை, சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கொண்டே இருந்து காரில் ஏறினதும் நனைத்துவிட்டான். திவ்யா இதைச் சொல்லும்போது அழவில்லை, கேட்ட நான்தான் அழுதேன்.

அன்று சாயங்காலம் அவள் கத்தரிக்கோலை எடுத்திருக்கிறாள், நீ பிடுங்கியிருக்கிறாய். "எங்கம்மா நேந்துக்கிட்டது, தொட்டுப் பாரு" என்றாயாம். "உங்கம்மா சாமி அங்க இருக்கு, எம்புள்ள இங்க இருக்கான்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை என்று அவளிடம் சொல்லிவிடு, நான் அவள் இடத்தில் இருந்தால் இதைவிடக் கூடத்தான் பேசியிருப்பேன். ஆனால் அதற்கு நீ சொன்னது இருக்கிறதே, "எங்க சனமும் வேணாம் எங்க சாமியும் வேணாம்னுதான இம்புட்டுத் தூரம் கெளம்பி வந்த" என்றாயாம். ஏன்டா, அவளா உன்னைத் தூக்கிக்கொண்டு போனாள்? பரீட்சை எழுதியது யார், ஏஜென்ட் ஆபீசுக்கு அலைந்தது யார்? எம்.எஸ்சி. படித்தவள் அங்கே முதியோர் இல்லத்தில் யார் யாருக்கோ குளிப்பாட்டிவிட்டு வருகிறாள், அவளைப் பார்த்து இதைச் சொல்ல உனக்கு எப்படி நாக்கு வந்தது. அதிலிருந்து ரெண்டு பேரும் பேசுவதில்லை. மேசையில் பிள்ளைதான் நடுவில் உட்கார்ந்து "அப்பா, அம்மா ரசம் வேணுமான்னு கேக்குறாங்க" என்று தூது சொல்கிறானாம். இதை அவன் என்னிடம் போனில் ஒரு விளையாட்டு மாதிரி சொன்னான்.

போன வருஷம் நான் வந்து நாலு மாதம் உங்களோடு இருந்தேனே, அதில் நான் பார்த்ததை உன்னிடம் நேரில் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன். நீ சாயங்காலம் வெயில் இருக்கும்போதே வேலை முடிந்து வந்துவிடுவாய். சட்டையை மாற்றிக்கொண்டு டிபன் டப்பாவை நீயே கழுவுவாய், பிள்ளையைக் குளிப்பாட்டுவாய், அப்புறம் வெங்காயம் நறுக்குவாய். ஆறு மணிக்கெல்லாம் மூன்று பேரும் சாப்பிட உட்காருவீர்கள், அவன் விளையாட்டுக்கதை, அவள் வேலைக்கதை, உன் கதை என்று பேச்சு ஓடும். நான் வந்த முதல் நாள் நீ தட்டைக் கழுவ எடுத்ததும் ஐயோ என்று எழுந்து ஓடி வந்தேன், "உக்காரும்மா, இது இங்க என் வேலை" என்றாய். என் மகனா இது என்று சந்தோஷத்தில் கண் கலங்கியது. பொறாமையும் வந்தது, மறைக்க மாட்டேன். உன் அப்பா தங்கமான மனிதர், ஆனால் ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பந்தல் நம்முடையது, பாத்திரம் நம்முடையது, முகூர்த்த நாள் என்றால் அவர் மண்டபத்தில்தான் கிடப்பார். ஊர்ச்சனத்தை எல்லாம் பந்தியில் உட்கார்த்திச் சோறு போட்ட வீடு நம் வீடு, நாம் மூன்று பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அவரிடம் நான் இதை ஒரு தடவை சொன்னபோது "எல்லாம் உங்களுக்குத்தான" என்றார். நீயும் அப்படித்தான் ஆவாய் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன். அங்கே வந்து பார்த்த பிறகு, என் பிள்ளை பிழைத்துக்கொண்டான், தூரமாய்ப் போனால் போகிறான், வீட்டோடு இருக்கிறான் என்று நினைத்தேன்.

ஆனால் அது மட்டுமே பார்த்தேன் என்றால் பொய். திவ்யாவுக்குக் காய்ச்சல் வந்த அன்று நான் இருந்தேன். நான் இல்லாதபோது வந்தால் என்ன பண்ணுவீர்கள் என்று கேட்டதற்கு அவள் சிரித்துக்கொண்டே "வரக்கூடாது அத்தை" என்றாள். காய்ச்சல்கூட கேட்டுக்கொண்டு வரவேண்டிய வீடாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. தீபாவளி வேலைநாளில் வந்தது என்று அடுத்து வந்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்து ஒரு ஹாலில் கொண்டாடினீர்கள், அதற்கு உடுத்திக்கொண்டு கிளம்பும்போதே எனக்கு நமுட்டுச் சிரிப்பு வந்தது. உங்கள் பின்வீட்டில் வேலிக்கு மேலே எலுமிச்சம்பழம் நீட்டுவாளே அந்த கிரேக்கக்காரி, அவளும் என்னை மாதிரி வயசானவள், எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என்னுடையது தெரியாது, இருந்தும் நாங்கள் ரெண்டு பேரும் தினமும் பேசினோம். அவளும் சின்ன வயதில் பிள்ளைகள் நல்லா இருக்க வேண்டும் என்றுதான் கப்பல் ஏறி வந்தாளாம், நீதான் கேட்டுச் சொன்னாய். அவள் மகன் அதே ஊரில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான், காரை அணைக்காமலே வாசலில் நின்று பேசிவிட்டுப் போவான். அதைப் பார்த்ததிலிருந்து தூரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்வதை விட்டுவிட்டேன்.

இந்தச் சண்டையைக் கேட்டதும் எனக்கு அந்த வீட்டை நினைத்து முதல்முதலாகப் பயம் வந்தது எதனால் தெரியுமா, உங்கள் சண்டைக்கு நடுவே வந்து நிற்க ஒரு ஆள் இல்லை. இங்கே நானும் உன் அப்பாவும் போடாத சண்டையா. நாங்கள் பேச்சை நிறுத்தினால் உன் அத்தை வந்து உட்கார்ந்துகொள்வாள், கடைப் பையன் சாவி கேட்டு வருவான், பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி டீச்சர் மீன் குழம்பைக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டு "அண்ணனுக்கு உப்பு சரியா இருக்கான்னு கேட்டுச் சொல்லு" என்பார். உப்பைக் கேட்கப் போய் மற்றதெல்லாம் பேசியாகிவிடும். அதற்காக இங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவில்லை. சண்டையைத் தீர்க்க ஒருத்தர் வந்தால் ஊதிவிட ரெண்டு பேர் வருவார்கள், திவ்யா கல்யாணம் ஆகி இங்கே இருந்த ஒரு வருஷத்தில் அந்த ரெண்டு பேரையும் நன்றாகவே பார்த்துவிட்டாள். அவள் தனி வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அங்கே கதவைச் சாத்தினால் உள்ளே மூன்றே பேர், அதில் ஒருவன் ஐந்து வயதுப் பிள்ளை. அவனைத் தூது அனுப்பாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இனி கோயில் கதை. திவ்யா மறுநாள் காலையில் போன் போட்டாள் என்றேனே, அவள் உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. "அத்தை, சாமிக்குத்தம் வராம இதுக்கு வேற வழி ஏதும் இருக்கா" என்று மட்டும் கேட்டாள். வேறு யாராவது என்றால் வெட்டிவிட்டு அப்புறம் சொல்லியிருப்பார்கள். அப்படிக் கேட்டவளுக்கு நான் வழி கண்டுபிடித்துத்தானே கொடுக்க வேண்டும். காளைப் பெரியப்பாவிடம் போனேன், கோயில் விஷயம் எல்லாம் அவர் கையில்தானே இருக்கிறது. அவர் ஈசிச்சேரில் இருந்து முதுகை எடுக்காமலே "மொத முடி சாமிக்கு. அங்கன வச்சு எறக்குனா அது வெறும் மயிருத்தான், நேத்திக்கடன் ஆகாது. வரச் சொல்லு" என்றார். வர முடியவில்லை என்றுதானே கேட்க வந்தேன் என்றேன். "அப்ப வளரட்டும்" என்றார். அவருக்கென்ன, வளர்வது அவர் பேரன் தலையிலா. பூக்கட்டிப் பார்க்கலாம் என்று நான் பிடிவாதம் பிடித்து, வெள்ளிக்கிழமை அப்பாவையும் கடையைச் சாத்தச் சொல்லிக் கிளம்பினோம். கடையைச் சாத்தினார் என்பதையே நீ நம்பமாட்டாய்.

பூசாரி விருமாண்டி வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனியே இலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் அங்கேயே முடியை எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை என்று பேச்சு. கோயிலுக்கு வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். பிரித்தால் சிவப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இன்னொருக்கப் போடுங்க" என்றேன். விருமாண்டி "ஆத்தா, சாமி கடைக்காரன் இல்ல, திரும்ப நிறுத்துக் குடுக்க" என்றார். அப்பா என் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன். சாமி முன்னால் நின்று, அங்கே இருந்தவர்கள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, ஒரு பச்சைப் பிள்ளை நாள் முழுக்க அடக்கிக்கொண்டு இருந்து நனைத்ததைச் சொன்னேன். உனக்குத் தெரியாதா, உனக்கு அந்த ஊர் தூரமா, முடியைத்தானே கேட்கிறாய், நேர்ந்தவள் நான், என்னிடம் வாங்கிக்கொள் என்றேன். சொல்லும்வரை எனக்கே அப்படி ஒரு யோசனை இல்லை. வாய் சொல்லிவிட்டது, அப்புறம் மனசு ஆமாம் என்றது. போய் நாவிதர் முன்னால் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

விருமாண்டி ஓடி வந்து "பேரன் முடிக்குப் பதில் அப்பத்தா முடியா? இப்பிடி நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார். "கேள்விப்படலைன்னா இன்னைக்குக் கேட்டுக்கங்க" என்றேன். காளைப் பெரியப்பாவுக்குப் போன் போட்டார்கள், அவர் போனிலேயே சாமி ஆடினார், புருஷன் இருக்கும்போது பொம்பளை இப்படிச் செய்யலாமா என்று பெரியம்மா வேறு பின்னாலிருந்து கத்தினாள். பழனியிலும் திருப்பதியிலும் நம் சனத்துப் பெண்கள் மொட்டை போடாமலா வருகிறார்கள். நாவிதர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா முகத்தைப் பார்த்தார். உன் அப்பா எப்போதும் பங்காளி பேச்சைத் தட்டாதவர், தெரியும்தானே. தொண்டையைக் கனைத்துக்கொண்டு "அவ சொன்னா எடுங்க" என்றார். அம்புட்டுத்தான் சொன்னார். எனக்கு அது போதும். முடி முழுசையும் கொடுத்துவிட்டேன். நரையும் கறுப்புமாக மடியில் விழுந்தது, பார்க்கக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, இல்லாமல் இருக்குமா. சந்தனம் தடவி, தேங்காய் உடைத்துக் கும்பிட்டோம். விருமாண்டி கடைசியில் தானாகவே திருநீறு பூசிவிட்டு "பேரன் முடிய எடுத்துக்கட்டும் ஆத்தா, இதுக்கு மேல சாமி என்ன கேக்கப்போகுது" என்றார். வெளியே நல்ல உச்சி வெயில். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையில் போட்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டே வந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் நடுரோட்டில் என் தலையைத் தொட்டது அன்றைக்குத்தான்.

இதுதான் நான் வீடியோவில் வராததன் காரணம். திடீரென்று அம்மாவை மொட்டையாகப் பார்த்தால் நீ என்ன நினைப்பாயோ என்று பயந்தேன், அதைவிட அருள்பாண்டி பயந்துவிடக்கூடாது. தெருவில் எல்லோரும் "திருப்பதியா?" என்கிறார்கள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன், லட்டு எங்கே என்று கேட்பவர்களுக்குத்தான் பதில் இல்லை. ஆகவே அவன் முடியை எடுத்துவிடுங்கள். கடையில் போய் எடுத்தாலும் சரி, மிஷினில் எடுத்தாலும் சரி. தாய்மாமன் மடிக்குப் பதில் நீயே மடியில் உட்கார்த்திக்கொள், திவ்யா பக்கத்தில் நிற்கட்டும். முடியை யாரும் பார்சல் கீர்சல் பண்ணி அனுப்பவேண்டாம். அதற்கு முன்னால் திவ்யாவிடம் மன்னிப்புக் கேள். பேசாமல் வெங்காயம் நறுக்கிக் கொடுத்தால் அது மன்னிப்பு ஆகாது, வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

முடி விஷயம் முடிந்தது. நீ கேட்ட வார்த்தை இன்னும் மிச்சம் இருக்கிறது. பாக்கியமேரி டீச்சரின் மகன் ஆன்சனை உனக்குத் தெரியும், அயர்லாந்தில் இருந்தவன், அப்பா இறந்த பிறகு அம்மா தனியாக இருக்கிறார்களே என்று பெண்டாட்டி பெர்சியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து இங்கேயே இருக்கிறான். அவன் வந்த அன்றைக்குத் தெருவே டீச்சரைப் பார்த்து ஏங்கியது, நானும்தான் ஏங்கினேன். நல்ல பையன், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவான், மாதா கோயிலுக்குக் கூட்டிப் போவான். ஆனால் கரண்ட் போனால், பெர்சியோடு வாக்குவாதம் வந்தால், ஆபீசிலிருந்து இருட்டிய பிறகு வந்து சேர்ந்தால், "ஒங்களுக்காகத்தானம்மா எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்" என்கிறான். எங்கள் சமையலறை ஜன்னல் வரைக்கும் கேட்கிறது. போன வாரம் டீச்சர் காம்பவுண்டுச் சுவரோரம் நின்று என்னிடம் "முத்துமீனா, அவன் இல்லாதப்ப தனியா இருந்தேன், சோறு எறங்குச்சு. இப்ப கூடவே இருக்கான், எறங்க மாட்டேங்குது" என்றார். அதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் ஆன்சன் மாதிரி ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை, நன்றாக இருப்பவர்களும் இருப்பார்கள். வெளிநாடு போனால் குடும்பம் நல்லா இருக்குமா, இங்கே இருந்தால் நல்லா இருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது தம்பி, ரெண்டு இடத்திலும் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தவள் நான், எனக்கே தெரியவில்லை. அங்கே நீ மேசையில் இருக்கிறாய், வாசலில் ஆள் இல்லை. இங்கே வாசல் நிறைய ஆள், நீ மேசைக்கு வருவாயா என்பது சந்தேகம். இதை எழுதும்போதும் மனசு ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். நீ திவ்யாவோடு கோபித்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அம்மா ஒரு வார்த்தை சொன்னாள் என்று இந்த வாசலில் வந்து நின்றால், ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொள்வேன், அதற்கப்புறம் சாகும்வரைக்கும் உன் முகத்தைப் பார்க்கவே பயந்துகொண்டிருப்பேன். அது எனக்கு வேண்டாம். எனக்காக வராதே அழகு. அந்த வார்த்தை இதுதான். இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீயும் அவளும் கோபம் ஆறிப் பேசி, ரெண்டு பேருக்கும் இங்கே வாழவேண்டும் என்று தோன்றினால் அது வேறு, அப்போது ஆரத்தித் தட்டோடு நிற்பேன். ரெண்டு பேருக்கும் அங்கேதான் என்று தோன்றினால் அங்கேயே இருங்கள், லீவு கிடைக்கும்போது மூன்று பேருமாக வந்து போங்கள். நான் இல்லாத வீட்டில் நீ சந்தோஷமாக இருந்தால் எனக்கு வலிக்கும், வலித்துவிட்டுப் போகட்டும்.

குலசாமி உங்கள் மூன்று பேருக்கும் துணை இருக்கட்டும். எனக்கும் அதற்கும் வெள்ளிக்கிழமை வரைக்கும் சண்டை, இப்போது சமாதானம், அதனால் கேட்டால் செய்யும். திவ்யாவுக்கு என் ஆசீர்வாதம், அவள் அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன், வேட்டி வீணாகப் போகாது, காதுகுத்துக்குக் கட்டிக்கொள்ளட்டும். என் பேரனுக்கு ஆயிரம் முத்தம். மறக்காதே, முடியை எடுத்ததும் தலைக்குச் சந்தனம் தடவு, அங்கே கிடைக்காவிட்டால் தேங்காய் எண்ணெயாவது தடவு, தொப்பி இல்லாமல் அவனை வெயிலில் அனுப்பாதே.

இப்படிக்கு,
வா என்று எழுதத்தான் உட்கார்ந்து, வராதே என்று எழுதி முடித்த உன் அம்மா,
முத்துமீனா